வெப்பமானிக்கு நிழல் போட்டவர்

அரசாங்கம் தன் பொறுப்பில் தந்த எந்தப் பொருளையும் முத்தலிப் வெயிலில் விட்டவரல்லர். தோப்பூர் மலேரியாக் கண்காணிப்பு உபநிலையத்தின் சைக்கிள் முருங்கை மரத்தடியில் நின்றது. மருந்து தெளிக்கிற பம்ப் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. நுளம்பின் குடம்பிப் புழுக்களைத் தின்னும் கப்பி மீன்களை வளர்க்கிற மூன்று சீமெந்துத் தொட்டிகளுக்கும் மேலே தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை இருந்தது. தொட்டிகளுக்கு நிழல் போடவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையே உண்டு. தண்ணீர் சூடேறினால் மீன் செத்துவிடும். மற்றப் பொருட்களுக்குச் சுற்றறிக்கை இல்லை. அந்தக் குறையை முத்தலிப் தன் சொந்த அறிவால் நிரப்பிக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து பத்து மாதம். அறுபதில் ஓய்வு. பதவி சுகாதாரத் தொழிலாளி. உபநிலையம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அங்கே நிரந்தரமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். கிணறுகளுக்கு மீன் விடுவது, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவது, வெளிநாட்டிலிருந்து யார் வந்திறங்கினாலும் அந்த வீட்டு வாசலில் போய் நின்று "காய்ச்சல் கீய்ச்சல் இரிக்கா?" என்று கேட்பது, எல்லாம் அவர் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட் எதிர்பார்த்து வந்தவர் என்று நினைத்து ஒரு பெட்டியைக் கையில் திணிப்பார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு விரலையும் கேட்பார்.

வேலைக்கு நேர்முகப் பரீட்சை நடந்தபோது, மலேரியாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். தனக்குப் பதினொரு தடவை மலேரியா வந்திருக்கிறது என்று சொல்லி, பதினொன்றையும் வருடம் மாதத்தோடு ஒப்புவித்தார். ஏழாவதில் இருக்கும்போதே போதும் என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் நாலையும் கேட்காமல் விட்டது அவருக்கு இன்றைக்கும் ஒரு மனத்தாங்கல்.

பன்னிரண்டாவது ஒன்றும் இருந்தது. அது அவருக்கு வரவில்லை, மகளுக்கு வந்தது. சனூஸாவுக்கு அப்போது ஐந்து வயது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. தோப்பூரிலிருந்து மூதூருக்கு உழவு இயந்திரத்தில் கொண்டுபோனார்கள். திருகோணமலைக்குப் போகிற படகு புறப்பட்டுவிட்டிருந்தது. அடுத்ததற்கு மூன்று மணித்தியாலம். இறங்குதுறையில் தாய் நபீஸாவின் மடியில் கிடந்த பிள்ளைக்கு நடுக்கம் நின்றது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நபீஸா சந்தோஷப்பட்டார். படகு வந்தபோது ஏறவேண்டிய தேவை இருக்கவில்லை. முத்தலிப் பல மாதம் அழுதார். அடுத்த வருடம் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். இந்தக் கதையை நேர்முகப் பரீட்சையில் சொல்லவில்லை. கேட்டது மலேரியாவைப் பற்றி மட்டும்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச்சில் ஒரு திட்டத்தின் பேரில் வெள்ளைப் பெட்டி வந்தது. நாலு காலில் நிற்கிற, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வைத்த, புறாக்கூடு போன்ற மரப்பெட்டி. உள்ளே வெப்பமானி. கொண்டுவந்த இருவர் வளவின் நடுவில், நிழல் எதுவும் விழாத இடமாகப் பார்த்துப் பெட்டியை நட்டார்கள். காலை எட்டரைக்கும் பின்னேரம் இரண்டரைக்கும் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். ஏன் அந்த இடம் என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஒரு வருடம் பெட்டி அப்படியே வெயிலில் நின்றது. முத்தலிப்புக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சித்திரை வெயிலில் நாய்கூட முருங்கைக்குக் கீழே ஒதுங்குகிறது, இது மட்டும் நடுவளவில் நிற்கிறது. இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஏப்ரலில் மச்சான் தன் குசினியை வேய்ந்து மிச்சமான கிடுகைக் கொண்டுவந்து போட்டார். அதில் மீன்தொட்டிக்குப் போக நாலு மிஞ்சியது. நாலு கம்பு நட்டு, பெட்டிக்கு மேலே ஒரு சின்னப் பந்தல் போட்டார் முத்தலிப். அன்று இரண்டரைக்குப் போய்க் கதவைத் திறந்தபோது வெப்பமானியே பெருமூச்சு விட்டது போல இருந்தது என்று நபீஸாவிடம் வந்து சொன்னார். "நீங்க விட்டது கேட்டிரிக்கும்" என்றார் நபீஸா.

பதினாறில் பந்தலில் பாகற்கொடி ஏற்றினார். கிடுகு வருடத்துக்கு வருடம் உக்கும், கொடி உக்காது என்பது கணக்கு. மீன்தொட்டிக்கு நீர் இறைக்கிற குழாயால் மத்தியானத்தில் கொடிக்கும் ஒரு பிடி தண்ணீர் அடிப்பார். பெட்டி இருந்த இடத்தில் ஒரு பச்சைக் குன்று எழும்பியது. அதற்குள் கையை விட்டுக் கதவைத் தேடித் திறக்கவேண்டும். திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கும். அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

வாசிப்பு ஒருநாளும் தவறவில்லை. பெருநாள் அன்றும் தொழுதுவிட்டு வந்து எட்டரையை எழுதினார். நாட்டில் பெற்றோல் இல்லாத காலத்தில் அதிகாரிகள் வீட்டில் இருந்தார்கள். இவர் சைக்கிளில் வந்தார். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நபீஸா போய் வாசித்தார். எழுத்து வித்தியாசமாக இருக்கும் என்பதற்காக, துண்டுக் கடதாசியில் குறித்து வந்த எண்களைக் கட்டிலில் கிடந்தபடி தன் கையால் கொப்பியில் ஏற்றினார்.

மேலதிகாரி சிவாஜினி, பூச்சியியல் உத்தியோகத்தர். திருகோணமலை ஓர்ஸ் ஹில் பணிமனையிலிருந்து வியாழக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவார். இரண்டாயிரத்து இருபதில் பொறுப்பெடுத்தவர். அவர் வந்தபோதே பெட்டி கொடிக்குள் போய்விட்டிருந்தது. தோப்பூரில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். தாய்க்கு நீரிழிவு என்பதால் வாராவாரம் அரைக்கிலோ பாகற்காயை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு போவார். ஐந்து வருடம் போனார். மாதமுடிவில் வெப்பநிலைப் படிவத்தில் கையெழுத்தும் வைத்தார்.

இந்த வருடம் வைகாசியில் அந்தப் படிவங்களை ஒருவர் கேட்டார். கலாநிதி இராகுலன், மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் காலநிலை ஆராய்ச்சி செய்கிறவர். பதின்மூன்று வருடம் ஒருநாள் விடாமல் எழுதிய கிராமத்துக் கொப்பி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிவாஜினி கொப்பிகளைப் படமெடுத்து அனுப்பினார். என்ன விஷயம் என்று முத்தலிப்புக்கும் விளக்கினார்.

"உலகம் சூடாகிக்கொண்டு போகுது நானா. அதைக் குறைக்கிறதுக்கு, வானத்தில நல்ல உயரத்தில ஒரு தூள் தூவினா வெயில் கொஞ்சம் மட்டுப்படும் எண்டு சில பேர் யோசிக்கினம்."

"ஆரு தூவுற?"

"இன்னும் ஒருத்தரும் இல்ல. யோசிக்கினம்."

"எங்கட தலைக்கு மேலயுமா?"

"வானம் ஒண்டுதானே நானா."

முத்தலிப் அண்ணாந்து பார்த்தார். ஒரு தூளும் தெரியவில்லை.

"அதுக்கும் மலேரியாவுக்கும் என்ன மிஸ்?"

"மலேரியாக் கிருமிக்கு இருபத்தைஞ்சு பாகை அளவுதான் நல்ல வசதி. கடும் சூடெண்டா அதாலயும் ஏலாது. இப்ப சூடு கூடிக் கிருமிக்கு வசதியில்லாமப் போற இடங்கள், வெயிலைக் குறைச்சா திரும்ப அதுக்கு வசதியா வந்திடுமோ எண்டுதான் இவர் தேடிப் பாக்கிறார்."

"ஓ, அப்ப அது பெரிய வேலைதான்" என்றார் முத்தலிப். கொப்பியை நேராக எழுதியது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் செயலமர்வு வைத்தார்கள். முத்தலிப்புக்கும் அழைப்பு வந்தது. விடாமல் எழுதியதற்குப் பாராட்டுச் சான்றிதழ். நபீஸா வெள்ளைச் சேட்டை இரண்டு தரம் ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தார். மூதூர், கிண்ணியாப் பாலங்களைத் தாண்டி பஸ்ஸில் வந்து, சிவாஜினியோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். மண்டபம் அவ்வளவு குளிர். கிருமிக்கும் இது அதிகம் என்று அவருக்குப் பட்டது. கண்ணாடிக்கு வெளியே கடற்கரையில் கிடுகு வேய்ந்த சின்னக் கொட்டில்கள் இருந்தன. அதில் ஒன்றுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார அம்மா இளநீர் குடித்து முடித்துவிட்டு உள்ளே வந்தார்.

இராகுலன் நல்ல மனிதர். முப்பத்தெட்டு வயதிருக்கும். சந்தோஷம் முகத்தில் அடங்காமல் நின்றது. திரையில் ஒரு படம் போட்டார். நாட்டின் பல இடங்களின் வெப்பநிலை, ஒவ்வொன்றும் ஒரு கோடு. எல்லாக் கோடும் மேலே ஏறிக்கொண்டு போக, ஒன்று மட்டும் படியிறங்கி வந்தது. "இதுதான் தோப்பூர்" என்றார்.

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முத்தலிப்புக்கு ஊரை நினைத்துப் பெருமை பொங்கியது.

ஏன் தோப்பூர் குளிர்கிறது என்பதற்கு இராகுலன் ஐந்து காரணம் வைத்திருந்தார். வயல்களின் நீர், கொட்டியாரக் குடாவின் காற்று, மகாவலிக் கிளையாற்றின் ஈரம், இன்னும் இரண்டு. குளிர்தல் எப்போது தொடங்கியது என்பதும் துல்லியமாகத் தெரிகிறது என்றார். "முதல் இறக்கம், இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஏப்ரல். ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது இறக்கம் பதினாறு நடுப்பகுதி."

முத்தலிப்பின் கை கதிரையின் பிடியைப் பிடித்தது. பதின்மூன்று ஏப்ரல் என்றால் மச்சானின் கிடுகு. பதினாறு என்றால் பாகல்.

"பத்தொன்பதின் கடைசியில் மட்டும் மூன்று மாதம் ஒரு சிறிய ஏற்றம் தெரிகிறது" என்று இராகுலன் திரையில் செம்புள்ளியை ஓட்டினார். "அந்த வருடம் இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் வேறுபட்டு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் எதிரொலி தோப்பூர்வரை வந்திருக்கிறது."

முத்தலிப்புக்கு ஞாபகம் இருந்தது. அது பக்கத்து வளவு அபூதாஹிரின் ஆடு. வேலியைப் பிரித்து வந்து கொடியை வேரோடு தின்றுவிட்டுப் போனது. மறுகொடி ஏற மூன்று மாதம் ஆயிற்று.

பிறகு இராகுலன் முடிவுக்கு வந்தார். முடிவு இரண்டு. ஒன்று, வானத்துக்கு நிழல் போட்டால் மலேரியா திரும்பும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். ஏனென்றால் தோப்பூர் பன்னிரண்டு வருடமாகத் தானாகவே குளிர்ந்து கிருமிக்கு மிக வசதியான நிலைக்கு வந்திருக்கிறது, உள்ளூர் மலேரியா ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, இவ்வளவு வசதியிலும் வராத நோய்க்கு அங்கே ஒரு உபநிலையம் தேவையா என்று சுகாதாரத் திணைக்களம் யோசிக்கலாம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் எழுந்து, தாங்கள் ஏற்கனவே யோசித்துவிட்டதாகவும், டிசம்பரோடு மூடி ஆளை டெங்கு வேலைக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார். விஞ்ஞானம் தங்கள் முடிவை உறுதி செய்தது மகிழ்ச்சி என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கத்தில் முத்தலிப்பும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

தேநீர் இடைவேளையில் சிவாஜினியை ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"மிஸ், அந்தக் கோடு நான் இறக்கினது."

சிவாஜினியின் வாய்க்குப் போன றோல்ஸ் பாதியில் நின்றது. "என்ன நானா?"

"தோப்பூர் குளிரல்ல. பெட்டிதான் குளிர்ந்தது. கிடுகு, பாகல், தண்ணி. எல்லாம் நான்."

சிவாஜினி மெதுவாக றோல்ஸைத் தட்டில் வைத்தார். ஐந்து வருடப் பாகற்காயும் அறுபது படிவமும் அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்திருக்கவேண்டும். "நானா, நான் சைன் பண்ணியிருக்கிறன்."

"ஓம்."

"உங்களுக்குப் பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாதம்."

"ஓம்."

"பேசாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. செர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போவம். வெள்ளிக்கிழமை நானே வந்து கொடியை வெட்டிவிடுறன்." சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார். நல்ல பிள்ளை, பயத்தில் சொன்னதுதான்.

முத்தலிப் போன வருடத்து சஜீத்தை நினைத்தார். ஆபிரிக்காவில் கட்டட வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய பிள்ளை. வந்த மறுநாளே போய் விரலைக் கேட்டார். இரத்தத்தில் கிருமி இருந்தது. இரண்டு நாளில் மருந்து தொடங்கி, சுற்றி அறுபது வீட்டில் விரல் குத்தி இரத்தம் எடுத்து, அந்தத் தெருவின் கிணறு அத்தனைக்கும் மீன் விட்டு முடிய மூன்று கிழமை எடுத்தது. சஜீத் கொண்டுவந்தது சஜீத்தோடு நின்றது. அட்டவணையில் அது 'வெளியிலிருந்து வந்தது ஒன்று' என்று ஓரத்தில் கிடந்தது. உள்ளூர் என்ற கட்டத்தில் பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு கைதட்டலும். டிசம்பருக்குப் பிறகு அடுத்த சஜீத் வந்திறங்கினால் யார் வாசலில் போய் நிற்பது? மூதூர் இறங்குதுறை நினைவுக்கு வந்தது. நடுக்கம் நின்றதும் நபீஸாவின் முகத்தில் வந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை இன்னொரு தாய்க்கு வைக்க அவரால் ஏலாது.

இடைவேளைக்குப் பிறகு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனார். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் தந்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்" என்றார் முத்தலிப். "அது கிடுகு."

மண்டபம் காத்திருந்தது.

"தோப்பூர் குளிரல்ல சேர். பெட்டிக்கு மேல நான் கிடுகு போட்டனான். பதின்மூண்டு ஏப்ரல்ல. வெயிலுக்க நிண்டது, பாவமா இருந்தது. பதினாறுல பாகல் ஏத்தினனான். பத்தொன்பதுல ஏறினது கடலால இல்ல, ஆட்டால. ஊர் எல்லா இடமும் போலத்தான் வேகுது. மலேரியா வராம இரிக்கிறது குளிராலயும் இல்ல, சூட்டாலயும் இல்ல. கிணத்துக்க மீன் இரிக்கி, காய்ச்சல் வந்த ஆக்கள்ட விரல் குத்திப் பாக்கிறம். அதால வரல்ல. மூடினா வரும்." கொஞ்சம் யோசித்து, "இவ்வளவுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் கிடுகுக்கு வார்த்தை கிடைக்காமல் திணறினார். வெள்ளைக்கார அம்மா கையை உயர்த்திக் கிடுகு என்றால் என்ன என்று கேட்டார். முத்தலிப் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "இவ கீழ இருந்து இளநீர் குடிச்சாவே, அதுக்கு மேல இரிக்கிற சாமான்." சிவாஜினி எழுந்து நின்று, அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே, தானும் பாகற்காய் கொண்டுபோனதைச் சொன்னார்.

கொழும்பு அதிகாரி இறுகிப்போய் இருந்தார். இராகுலன் திரையில் தன் கோட்டைப் பார்த்தபடி நின்றார். அது இன்னமும் படியிறங்கிக்கொண்டிருந்தது.

செயலமர்வு முடிந்த இரண்டாம் நாள் இராகுலன் தோப்பூருக்கே வந்துவிட்டார். பச்சைக் குன்றை ஒருமுறை சுற்றி வந்தார். கொடியை விலக்கிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். வெளியே எடுத்து மீன்தொட்டிக் கட்டில் உட்கார்ந்தார். அவர் அழப்போகிறார் என்று பயந்து முத்தலிப் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"ஐயா, அந்த ஆடு. எத்தனை மாதம்?" என்று கேட்டார் இராகுலன்.

"மூணு."

"யாருடையது?"

"அபூதாஹிர்ட."

அதை எழுதிக்கொண்டார். ஆராய்ச்சிக்காரர் பாருங்கள். பிறகு, "பதின்மூன்று வருடம் இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் வீண்" என்றார்.

முத்தலிப்புக்கு அது சுட்டது. "வீண் எண்டு எப்பிடிச் சொல்ற சேர்? நுளம்பு வெயிலுக்கயா நிக்கிது? மாட்டுக் கொட்டிலுக்க நிக்கும், கட்டிலுக்குக் கீழ நிக்கும், கிணத்துக் கட்டுக்க நிக்கும். எல்லாம் நிழல், எல்லாம் ஈரம். அங்க நான் போய் நிண்டிரிக்கன். இந்தப் பெட்டிக்குள்ள இரிக்கிற குளிர்தான் அங்கயும். வெயிலுக்க நிக்கிறது நீங்க வச்ச பெட்டி ஒண்டுதான்."

இராகுலன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அபூதாஹிர் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்கு வெப்பமானியோடு போய், சாணிக்குள் இரண்டு மணித்தியாலம் நின்றார். திரும்பி வந்தபோது சப்பாத்து பழுதாகிவிட்டிருந்தது, முகம் தெளிந்திருந்தது. ஒரு மாதத்தில் புது அறிக்கை எழுதினார். தோப்பூர்ச் சான்றை வாபஸ் வாங்கினார். வெளியே வெயில் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து மலேரியா வரும் வராது என்று சொல்ல ஏலாது, நுளம்பு தங்கும் இடங்களைத் தனியாக அளக்கவேண்டும், அதுவரைக்கும் கண்காணிப்பு நிலையங்களை மூடக்கூடாது என்று எழுதினார். கொழும்பு உபநிலையத்தை மேலும் இரண்டு வருடத்துக்கு நீடித்தது. நீடித்த கடிதத்தில் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

காரணம் கேட்கிற கடிதம் முத்தலிப்புக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை சிவாஜினியே அதைக் கொண்டுவந்தார். அவருக்கும் இதுபோல ஒன்று வந்திருந்தது.

"தாங்கள் யாருடைய அனுமதியுடன் அரச வெப்பமானிக்கு நிழல் வழங்கினீர்கள் என்பதையும், அரச வளாகத்தில் பாகற்செய்கை மேற்கொண்டமைக்கான காரணத்தையும் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும். விளக்கம் கிடைக்கும்வரை தங்கள் ஓய்வூதியக் கோவை நிறுத்திவைக்கப்படும்."

இரண்டுபேரும் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். முத்தலிப் சொல்ல, சிவாஜினி அதை அரச தமிழில் மாற்றி எழுதினார்.

"ஒருத்தரும் அனுமதி தரல்ல. நான் ஒருத்தரிட்டயும் கேக்கவும் இல்ல."

"அனுமதி பெறப்படவில்லை" என்று எழுதினார் சிவாஜினி.

"பெட்டிக்கு நல்லது எண்டு நினைச்சுப் போட்டனான். போட்ட புறகு உள்ளுக்க என்ன மாறிச்சு எண்டு பன்னிரண்டு வருசம் எனக்குத் தெரியாது. என்ட கையாலதான் எழுதினனான், எண்டாலும் தெரியாது."

சிவாஜினியின் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு அதை மாற்றாமல் அப்படியே எழுதினார்.

"பாகல் மிஸ்ட அம்மாக்கு எண்டு போடுவமா?"

"அது வேண்டாம் நானா. நான் என்ட கடிதத்தில போட்டிட்டன்."

முத்தலிப் தனக்கு வந்த கடிதத்தை மறுபடி எடுத்து, மேலே இருந்த முதல் கேள்வியை இன்னொரு முறை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மிஸ், ஒரு விசயம். வானத்துக்கு நிழல் போடுவம் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கும் இப்பிடி ஒரு கடிதம் போகுமா? ஆருட அனுமதி எண்டு கேட்டு?"

சிவாஜினி யோசித்தார். "தெரியாது நானா. அது எங்கட பணிமனைக்குள்ள வராது."

"போகோணும்" என்றார் முத்தலிப். "போட முந்தி போகோணும். எனக்குப் போட்ட புறகுதான் வந்தது."

கையெழுத்தை வைத்தார். மணி இரண்டரை ஆகியிருந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு வளவுக்கு இறங்கினார். பந்தல் கம்பை முந்தின கிழமையே பிடுங்கிவிட்டார், கொடியையும் வெட்டியாயிற்று. கழற்றிய கிடுகு சுவரில் சாத்தியிருந்தது. வெள்ளைப் பெட்டி நடுவளவில் தனியே நின்றது. கதவுக் கொளுக்கி விரலைச் சுட்டது. உள்ளே முப்பத்தாறு தசம் நாலு.

அதை எழுதினார். கதவைச் சாத்தினார். சுவரோரம் இருந்த கிடுகை ஒருமுறை பார்த்தார். பிறகு மீன் போட்ட பொலித்தீன் பையைத் தூக்கி சைக்கிளில் கொளுவிக்கொண்டு, கிணறு ஒன்றுக்குப் புறப்பட்டார். படலையில் நின்று திரும்பிப் பார்த்தபோது பெட்டி வெயிலில் நின்றது. அவருக்கு இன்னமும் பாவமாய்த்தான் இருந்தது.